விரலின் வேகமும் துணியின் பதமும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள கப்பலூர், கருமுத்து தியாகராசர் பெயரைத் தாங்கிய நூற்பாலையாலும் சிட்கோ தொழிற்பேட்டையாலும் அறியப்பட்ட ஊர். இத்தகைய நூற்பாலைகளில் பஞ்சு உள்ளே வரும் நேரத்திலிருந்து நூல் கோனில் சுற்றப்பட்டு வெளியேறும் வரை இழையின் நீளம், வலிமை, நுண்மை, நூலின் சீர்மை, அதன் மேல் துருத்தி நிற்கும் மயிரிழைகளின் அளவு என ஒவ்வொன்றையும் அளக்க இன்று கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அந்த நூல் துணியாகி மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை மேசையில் விரிக்கப்பட்டதும் முடிவு சொல்வது கருவியல்ல, வாங்குபவரின் விரல்களே. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒருவர் மெல்லத் தேய்த்துப் பார்க்கிறார். இன்னொருவர் ஒரே இழுப்பில் விரலை ஓட்டிவிட்டு அடுத்த துணிக்குப் போகிறார். இருவருக்கும் மழமழப்பான துணி மழமழப்பாகவும் சொரசொரப்பான துணி சொரசொரப்பாகவுமே படுகிறது. ஒரே ஆள் கையின் வேகத்தை மாற்றிப் பார்த்தாலும் துணி வேறு துணியாக மாறிவிடுவதில்லை. அன்றாடம் நடப்பதால் இதில் வியப்பு எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் விரல்தோலிலும் அதற்குள் ஓடும் நரம்புகளிலும் நடப்பதை அளந்து பார்த்தவர்களுக்கு, வேகம் மாறும்போது துணியின் பதமும் மாறித் தோன்றாமல் இருப்பதுதான் விளக்கம் வேண்டும் புதிராக இருந்தது.

புதிரின் அளவை உணர, நூலின் கணக்கிலிருந்தே தொடங்கலாம். பருத்தி நூலின் நுண்மையை ஆலைகள் ‘கவுண்ட்’ என்னும் எண்ணால் குறிக்கின்றன. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம், எடை வருமோ அந்த எண்ணிக்கையே கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். 40 கவுண்ட் நூலின் குறுக்களவு சுமார் 0.14 மில்லிமீட்டர், 100 கவுண்ட் நூலுக்கு அது சுமார் 0.09 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 60 ஊடை நூல்கள் குறுக்கே ஓடும் ஒரு சாதாரணப் பருத்தித் துணியை எடுத்துக்கொண்டால், அடுத்தடுத்த ஊடைகளுக்கு இடையே சுமார் 0.42 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். இந்தத் துணியின் மேல் பாவின், அதாவது நெடுக்கு நூலின், போக்கிலேயே விரலை நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தினால், விரல்தோல் நொடிக்குச் சுமார் 95 ஊடைகளைக் கடக்கிறது. ஒவ்வொரு ஊடையும் தோலைச் சற்றே தூக்கி இறக்குவதால் தோலில் 95 ஹெர்ட்ஸ் அதிர்வு எழுகிறது. வேகத்தை 8 சென்டிமீட்டர் ஆக்கினால் அது 190 ஹெர்ட்ஸாகவும், 16 சென்டிமீட்டர் ஆக்கினால் 380 ஹெர்ட்ஸாகவும் உயர்கிறது. கப்பலூர்ச் சுங்கச்சாவடி போன்ற இடங்களை நெருங்கும்போது சாலையில் வரிவரியாகப் போடப்படும் தடைகளின் மேல் மெதுவாகப் போகும் வண்டி தடதடவென்று அதிர்வதும், வேகமாகப் போகும் வண்டி ஒரே உறுமலாக அதிர்வதும் இதே கணக்கினால்தான். வரிகளின் இடைவெளி மாறவில்லை. மாறியது வேகம் மட்டுமே. அதிர்வை மட்டும் கேட்கும் ஒருவரால், நெருக்கமான வரிகளின் மேல் மெதுவாகப் போகும் வண்டியையும் அகலமான வரிகளின் மேல் விரைந்து போகும் வண்டியையும் பிரித்தறிய முடியாது. அதுபோலவே, நுண்ணிய துணியின் மேல் மெதுவாக ஓடும் விரலிலும் பருமனான துணியின் மேல் வேகமாக ஓடும் விரலிலும் ஒரே அதிர்வெண் எழக்கூடும். இருந்தும் விரல் அவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

கருவிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. துணியின் பதத்தை எண்ணால் அளக்க முடியும் என்று மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த எஃப். டி. பியர்ஸ் 1930-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். விறைப்பு, தொய்வு, தடிமன் ஆகியவற்றை அவர் அளவீடுகளாக்கினார். பின்னர் ஜப்பானில் சுவேயோ கவாபாத்தா 1970-களில் உருவாக்கிய அளவைமுறை துணியின் மேற்பரப்பையும் சேர்த்துக்கொண்டது. அவருடைய கருவியில் 0.5 மில்லிமீட்டர் பருமனுள்ள எஃகுக் கம்பி துணியின் மேல் படிந்திருக்க, துணி அதன் அடியில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்ற மாறாத வேகத்தில் இழுக்கப்படுகிறது. அழுத்தமும் மாறாது, வேகமும் மாறாது. அவற்றைக் கட்டிவைத்தால்தான் கிடைக்கும் எண் துணியைப் பற்றியதாக இருக்கும். இல்லையென்றால் அது துணியையும் இழுத்த வேகத்தையும் கலந்து சொல்லும் எண்ணாகிவிடும். மனிதக் கை இத்தகைய கட்டுப்பாடு எதையும் ஏற்காமலே, நொடிக்கு நொடி வேகத்தை மாற்றிக்கொண்டே, துணியைப் பற்றிய செய்தியைத் தனியே பிரித்தெடுக்கிறது. கையால் பதம் பார்ப்பதை அறிவியலுக்கு முந்தைய பழக்கம் என்று ஒதுக்குவோர் இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தொடுவுணர்வின் இந்தத் திறனை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டேவிட் காட்ஸ். 1925-இல் வெளிவந்த அவருடைய நூல் பார்வைக்கும் கேள்விக்கும் கிடைத்திருந்த ஆய்வுக் கவனத்தைத் தொடுகைக்கும் பெற்றுத் தந்தது. அசையாமல் வைத்த விரலுக்கு நுண்ணிய மேற்பரப்புகள் ஏறத்தாழ மறைந்துபோகின்றன என்பதையும், விரல் நகரத் தொடங்கிய உடனே அவை துலங்குகின்றன என்பதையும் காட்டிய அவர், தொடுகை இரு வழிகளில் செயல்படுகிறது என்று கருதினார். பருமனான மேடுபள்ளங்களை விரல் அவற்றின் இட அமைப்பைக் கொண்டு அறிகிறது. நுண்ணிய மேடுபள்ளங்களை, நகரும்போது எழும் அதிர்வைக் கொண்டு அறிகிறது. அந்தக் காலத்தில் தனி நரம்பிழைகளின் துடிப்புகளைப் பதிவுசெய்யும் வழி இல்லாததால் இது ஒரு கருதுகோளாகவே நெடுங்காலம் நின்றது.

இன்று அந்த இரு வழிகளின் உடலமைப்பு ஓரளவு தெளிவாகத் தெரியும். ஸ்வீடனில் ரோலாண்ட் யோஹான்சனும் ஓகே வால்போவும் 1979-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் மட்டும் தொடுகையை உணரும் நரம்பிழைகள் சுமார் 17,000 உள்ளன. அவற்றுள் மேற்பரப்பை அறிவதில் மூன்று வகைகள் முக்கியமானவை. மெர்க்கல் செல்களில் முடியும் இழைகள், தோல் அழுந்தியிருக்கும் வரை தொடர்ந்து துடித்துக்கொண்டே இருக்கும். விரல்நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 என்ற செறிவில் அவை பரவியிருப்பதால், அவற்றின் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மைஸ்னர் உறுப்புகளில் முடியும் இழைகள் அதைப்போல இரு மடங்கு செறிவுள்ளவை. அழுத்தம் மாறும் கணத்தில் மட்டும் துடிப்பவை. தோலின் ஆழத்தில் இருக்கும் பாச்சினி உறுப்புகளோ எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அதிர்வுக்கு மிகக் கூர்மையானவை. 250 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகளில் அவை உச்சக் கூர்மையை அடைகின்றன.

மதுரைச் சுங்குடிச் சேலையைத் தடவிப் பார்க்கும் விரலில் இந்த இரு வழிகளும் ஒருசேர இயங்குவதைக் காணலாம். துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுக்கும் இந்தக் கைவினை 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சற்றே குவிந்து, சுருக்கம் விழுந்து, சிறு மேடாக நிற்கும். கஞ்சியும் இஸ்திரியும் படாத சேலையில் அதை விரல் எளிதில் உணரும். அந்த மேடுகள் ஒன்றுக்கொன்று மில்லிமீட்டர்களில் விலகியிருப்பதால், 1 மில்லிமீட்டர் இடைவெளியில் பரவிய மெர்க்கல் இழைகளால் எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று ஒரு வரைபடம் போலவே குறித்துக்கொள்ள முடிகிறது. அந்த மேடுகளுக்கு இடையில் ஓடும் பாவும் ஊடையும் வேறு கதை. 0.1 மில்லிமீட்டர் அளவிலான நூலை 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள வலையால் பிடிக்க முடியாது. அந்த நுண்மை விரல் நகரும்போது எழும் அதிர்வாக மட்டுமே உள்ளே போகிறது. 80 கவுண்ட் நூலில் நெய்ததா 40 கவுண்ட் நூலில் நெய்ததா என்று சொல்லும் விரல், அமைப்பைப் பார்ப்பதைவிட அதிர்வைக் கேட்கிறது என்பதே சரி.

காட்ஸின் கருதுகோளுக்கு வலுவான சான்று 2001-இல் மார்க் ஹாலின்ஸும் ஸ்லிமான் பென்ஸ்மாயாவும் உடனாய்வாளர் ஒருவரும் செய்த சோதனையில் கிடைத்தது. விரலைச் சிறிது நேரம் தொடர் அதிர்வுக்கு உட்படுத்தி அதிர்வுணர்வை மழுங்கச் செய்துவிட்டு மேற்பரப்புகளைத் தொடக் கொடுத்தபோது, பருமனான மேற்பரப்புகளை வேறுபடுத்தும் திறன் குறையவில்லை; நுண்ணிய மேற்பரப்புகளை வேறுபடுத்தும் திறன் மட்டும் சரிந்தது. இந்த அதிர்வுவழி எவ்வளவு கூர்மையானது என்பதை, ராபர்ட் லாமாட்டுடன் மண்டயம் ஸ்ரீனிவாசன் நடத்திய ஆய்வுகள் காட்டின: வெறும் 0.06 மைக்ரோமீட்டர் உயரமுள்ள வரிகள் பொறிக்கப்பட்ட கண்ணாடியைக் கூட நகரும்போது விரல் உணர்ந்தது. தலைமுடி ஒன்றின் பருமன் இதைப்போல ஆயிரம் மடங்கு இருக்கும். இன்னும் வியப்பானது, விரலை மரக்கச் செய்த பின்னும் சொரசொரப்பை ஓரளவு பிரித்தறிய முடிகிறது என்று 2012-இல் வெளிவந்த முடிவு. அதிர்வு தோலின் வழியே கையின் மேற்பகுதி வரை பரவி, அங்குள்ள ஏற்பிகளை எட்டிவிடுகிறது.

இங்கேதான் வேகம் என்னும் சிக்கல் முழு வலுவுடன் நுழைகிறது. இட அமைப்பை வேகம் பெரிதும் கலைப்பதில்லை. மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் எந்த வேகத்திலும் அதே தூரம்தான். அதிர்வோ முழுக்க முழுக்க வேகத்துக்குக் கட்டுப்பட்டது. போதாக்குறைக்கு, வேகம் மாறும்போது அதிர்வெண் மட்டுமல்லாமல் எந்த வகை ஏற்பி அதிகம் தூண்டப்படுகிறது என்பதும் மாறுகிறது. முன் சொன்ன அதே பருத்தித் துணியில் நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் எழும் 24 ஹெர்ட்ஸ் அதிர்வு மைஸ்னர் உறுப்புகளுக்கு உகந்தது. 10 சென்டிமீட்டர் வேகத்தில் எழும் 240 ஹெர்ட்ஸ் அதிர்வு பாச்சினி உறுப்புகளை எழுப்பிவிடும். அப்படியிருந்தும், கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லீடர்மேன் வரிப்பள்ளம் வெட்டிய உலோகத் தகடுகளைக் கொண்டு 1970-களிலும் 1980-களிலும் செய்த சோதனைகளில், கையின் வேகத்தைப் பல மடங்கு மாற்றியும் தொட்டவர்கள் சொன்ன சொரசொரப்பு மிகச் சிறிதளவே மாறியது. விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் பள்ளம் எவ்வளவு அகலம் என்பதும் தீர்ப்பைத் தெளிவாக மாற்றின, வேகம் மாற்றவில்லை.

உடனே தோன்றக்கூடிய ஒரு விளக்கம் உண்டு. கையை நகர்த்தும்படி கட்டளையிடுவது மூளைதான் என்பதால், எந்த வேகத்துக்குக் கட்டளை போனது என்பது மூளைக்குத் தெரியும். வந்து சேரும் அதிர்வை அந்த வேகத்தால் வகுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. எளிமையும் அழகும் உள்ள இந்த விளக்கம் போதுமானதாக இல்லை. விரலை அசையாமல் வைத்துக்கொண்டு அதன் அடியில் மேற்பரப்பை நகர்த்தும்போதும் சொரசொரப்பு ஏறத்தாழ மாறாமலே உணரப்படுகிறது. அந்த நிலையில் மூளை எந்தக் கட்டளையும் இடவில்லை. அப்படியானால் மாறாமைக்குத் தேவையான செய்தி தோலிலிருந்து வரும் துடிப்புகளிலேயே எப்படியோ அடங்கியிருக்க வேண்டும்.

அந்த ‘எப்படி’யைத் தேடிய ஆய்வுகளில் பெரும் பங்கு, 2023-இல் மறைந்த ஸ்லிமான் பென்ஸ்மாயாவின் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு உரியது. துணி, காகிதம், தோல், மணல்தாள் முதலிய அன்றாடப் பொருள்களை ஓர் உருளையின் மேல் ஒட்டி, அதை வெவ்வேறு வேகங்களில் சுழற்றி, குரங்குகளின் விரல்நுனியின் மேல் ஓடச்செய்து, ஒவ்வொரு நரம்பிழையும் எந்த மில்லிநொடியில் துடிக்கிறது என்பதை அந்தக் குழு பதிவுசெய்தது. 2013-இல் வெளிவந்த முடிவுகள் இரண்டு செய்திகளைச் சொல்லின. நுண்ணிய மேற்பரப்பைப் பற்றிய தகவல், துடிப்புகள் எத்தனை என்பதில் மட்டுமல்லாமல் அவை விழும் காலவரிசையிலும் இருக்கிறது. அடுத்து, வேகம் கூடும்போது அந்தக் காலவரிசை குலைந்துபோவதில்லை, ஒட்டுமொத்தமாகச் சுருங்குகிறது. வேகம் குறைந்தால் ஒட்டுமொத்தமாக நீள்கிறது. இடைவெளிகளின் விகிதம் அப்படியே காக்கப்படுகிறது. ஆனால் துடிப்புகளின் எண்ணிக்கை அவ்வாறு நிலைத்திருப்பதில்லை. மனிதர்கள் சொல்லும் சொரசொரப்பு வேகத்தால் ஏறத்தாழ மாறாதிருக்க, நரம்பிழைகளின் துடிப்பு வீதமோ வேகத்தோடு கணிசமாக ஏறுகிறது என்பதை அதே ஆய்வகம் 2017-இல் காட்டியது. மெர்க்கல் இழைகளில் இந்த ஏற்றம் குறைவு, பாச்சினி இழைகளில் அதிகம். நரம்பில் இல்லாத மாறாமை உணர்வில் இருக்கிறது என்றால், அது நரம்புக்கும் உணர்வுக்கும் நடுவில், மூளையில் உருவாக வேண்டும்.

2020-இல் ஜஸ்டின் லீபரும் பென்ஸ்மாயாவும் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தைத்தான் ஆராய்ந்தது. உச்சந்தலைக்குக் கீழே மூளையின் குறுக்கே ஓடும், உடல் முழுவதிலிருந்தும் தொடுசெய்திகளைப் பெறும் உடலுணர்வுப் புறணியில் நரம்பணுக்களின் துடிப்புகளை அவர்கள் அதே உருளை, அதே வேகங்கள் கொண்டு பதிவுசெய்தனர். விரலிலிருந்து வரும் இழைகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே திசையில் வேகத்தோடு சேர்ந்து ஏறியிறங்கின. புறணியின் அணுக்களோ அப்படியில்லை. சில அணுக்கள் வேகத்துக்கு மிகுதியாக அசைந்தன. சில அணுக்கள் வேகத்தைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டுக்கும் நடுவே பலவகையான அணுக்கள் இருந்தன. இந்தப் பன்மையினால், வேகம் பற்றிய செய்தியும் மேற்பரப்பு பற்றிய செய்தியும் நரம்பில் இருந்ததைவிடப் புறணியில் ஒன்றையொன்று சாராமல் விலகி நின்றன. சொரசொரப்பு மாறாமல் உணரப்படுவதற்கு இந்த விலகலே போதுமான விளக்கமாக அமைந்தது.

விலகலுக்குக் காரணமான கணக்கை மூளை தொடுகைக்கென்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. புறணி அணு ஒன்று தோலின் ஒரு சிறு திட்டிலிருந்து தூண்டுதலையும் பக்கத்துத் திட்டிலிருந்து தடையையும் பெறுவதால், அது சொல்வது அழுத்தத்தின் அளவை அல்ல, இரு திட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டை. காலத்திலும் இதே அமைப்பு உண்டு: தூண்டுதல் வந்த சில மில்லிநொடிகளில் தடையும் வந்து சேர்வதால், அணு நிலையான உள்ளீட்டை விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஊடை நூல் ஒன்று விரலின் கீழ் கடப்பதை இதில் வைத்துப் பார்க்கலாம். விரல் வேகம் பிடித்ததும் இரு திட்டுகளிலிருந்தும் வரும் துடிப்புகள் சேர்ந்தே ஏறுகின்றன; சேர்ந்து ஏறும் பகுதியைத் தடை கழித்துவிடுகிறது; எஞ்சுவது, ஒரு திட்டின் மேல் நூல் இருக்கிறது, பக்கத்துத் திட்டில் இல்லை என்னும் வேறுபாடு. அது துணியின் அமைப்பைப் பற்றிய செய்தி. வேறு சில அணுக்களில் கூட்டலே மிஞ்சியிருப்பதால் அவை வேகத்தைக் குறிக்கின்றன. கண்ணின் வழி வரும் விளிம்புகளைப் பிரித்தெடுக்க மூளை பயன்படுத்தும் கழித்தலுக்கு இது மிக நெருங்கியது.

இந்தப் பிரிப்பு இரு பக்கமும் சமமாக முடிவதில்லை என்பது ஆராய்ச்சியாளர்களையே சிந்திக்க வைத்த செய்தி. மேற்பரப்பு வேகத்திலிருந்து விடுபட்டு உணரப்பட்டாலும், வேகம் மேற்பரப்பிலிருந்து விடுபட்டு உணரப்படுவதில்லை. அசையாத விரலின் கீழ் ஒரே வேகத்தில் ஓடும் இரு வேறு பொருள்களை வெவ்வேறு வேகத்தில் ஓடுவதாக மனிதர்கள் மதிப்பிடுகின்றனர் என்று பென்ஸ்மாயாவின் குழு 2019-இல் விரிவாகக் காட்டியது. கையைத் தானே நகர்த்துபவருக்கு அதன் வேகத்தைச் சொல்லத் தசைகளும் மூட்டுகளும் இருக்கின்றன. தோல் அதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு. கையில் அகப்பட்ட பொருள் எது என்பதைச் சொல்லத் தோலைவிட்டால் வேறு ஆள் இல்லை. தொடுகையின் வளங்கள் பெரிதும் பொருளின் பக்கமே செலவிடப்பட்டிருப்பதற்கு இது நம்பத்தக்க காரணமாகத் தோன்றுகிறது.

மாறாமைக்கும் எல்லை உண்டு. வெறும் விரலுக்குப் பதிலாகக் கையில் பிடித்த ஒரு குச்சியின் நுனியால் மேற்பரப்பைத் தடவும்போது, இட அமைப்பு என்னும் வழி முழுவதும் அடைபட்டு அதிர்வு மட்டுமே கைக்கு வந்து சேர்கிறது. லீடர்மேனும் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் 1999-இல் வெளியிட்ட சோதனைகளில், இந்த நிலையில் வேகம் மாறினால் சொரசொரப்பும் மாறித் தோன்றியது. கையை ஆளே நகர்த்தியபோது அந்த மாற்றம் குறைந்தது, பொருளை நகர்த்தியபோது கூடியது. வெறும் விரலுக்குத் தேவைப்படாத கைவேகக் கணக்கு, குச்சி நடுவே வந்ததும் உதவிக்கு வருகிறது போலும்.

செயற்கைக் கைகளையும் தொடுதிரைகளையும் உருவாக்குவோருக்கு, அதிர்வு மட்டுமே கைக்கு எட்டும் இந்த எல்லைதான் தலையாய சிக்கல். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் நடத்திவரும் தொடுவுணர்வு ஆய்வகம் உட்பட உலகின் பல இடங்களில், வழவழப்பான கண்ணாடித் திரையின் மேல் துணியின் பதத்தையோ மரத்தின் சொரசொரப்பையோ விரலுக்கு உணர்த்தும் முயற்சிகள் நடக்கின்றன. அத்தகைய திரையில் ஒரே அதிர்வை எப்போதும் எழுப்பினால் விரல் ஏமாறாது. விரல் வேகம் கூடிய அதே கணத்தில் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் கூட வேண்டும். இல்லையெனில் விரலின் கீழ் இருப்பது துணியாக அல்ல, அதிரும் கண்ணாடியாகவே படும். துணியைக் கம்பியின் அடியில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் இழுத்துப் பெற்ற அளவீடு அதற்குத் தொடக்கம் மட்டுமே. வாங்குபவரின் விரல் நொடிக்கு 4 சென்டிமீட்டரிலும் 16 சென்டிமீட்டரிலும் எதை எதிர்பார்க்கிறதோ அதைத் திரை ஒவ்வொரு கணமும் புதிதாகக் கணக்கிட்டுத் தந்தாக வேண்டும்.